ஃபிரிட்ஜ் மேல் ஒரு ஜெர்மன் பாட்டில்

1

இந்த ஊர் மருந்துக்கடையில் ஒரு டப்பா வாங்கப் போனால், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி விசாரிக்கிறார்கள். யாருக்கு, என்ன வயசு, என்ன தொந்தரவு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? ஆம்பூர் பஜாரில் "கேஸுக்கு ரெண்டு குடுங்க" என்றால் அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். நம் பூர்வீகம் யாருக்கும் வேண்டாம். ஜெர்மனிக்கு வந்து மகளே பெரியவளாகிவிட்டாள், எனக்கு இன்னும் இந்த விசாரணை பழகவில்லை.

நான் தோல் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஷூ தோல் எத்தனை மடிப்புக்குத் தாங்கும், சாயம் வியர்வையில் கசியுமா என்றெல்லாம் ஜெர்மன் மொழியில் மணிக்கணக்காகப் பேசுவேன். உடம்பைப் பற்றிப் பேசும் ஜெர்மன்தான் என்னிடம் கம்மி. போன சித்திரையில், ஆம்பூரில் அம்மாவோடு இருக்கும் என் தங்கை சுதாவுக்காக மருந்துக்கடைக்குப் போனபோது, முதலில் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். பிறகு நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். இரண்டுக்கும் நடுவே விரலால் ஒரு கோடு இழுத்தேன். கவுண்டரில் நின்ற பெண்மணி சிரிக்கவில்லை.

"வயிறும் மனசும் ஒன்றையொன்று படுத்துகிறதா? வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா?"

"எதுவும் இல்லை" என்று அடித்துச் சொன்னேன். அம்மா என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

மக்னீசியம் ஒரு டப்பா, குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் அடைத்த புரோபயாட்டிக் மாத்திரை ஒரு பெரிய பாட்டில் எடுத்து வைத்தார். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்றார். "இது சாப்பாட்டுக்குத் துணை. டாக்டர் மருந்து எழுதியிருந்தால் அதற்கு மாற்று கிடையாது" என்று இரண்டு தடவை சொன்னார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மனசுக்குள் ஊருக்கே வைத்தியம் பார்க்கப் புறப்பட்ட மிதப்பு.

2

சுதா ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் லைனுக்கு சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்ததும் அவளுக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். ஒரு நாள் வாந்தி, ஒரு நாள் பேதி. லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து போக முடியாதே என்ற பயத்தில் காலைச் சாப்பாட்டை விட்டாள். அப்புறம் மத்தியானச் சாப்பாடும் போனது. தூக்கம் போனது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, செத்துவிடுவேன் போலிருக்கிறது என்று ஒரு நாள் எனக்குப் போன் பண்ணி அழுதாள்.

காட்டாத டாக்டர் இல்லை. குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். குடலில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாத குடல் ஏன் ஒரு பெண்ணை இப்படி உருக்குகிறது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தாள்: "கேஸ் ட்ரபுள்." நம் பக்கத்தில் வயிற்று வலிக்கு மரியாதை உண்டு. ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். மனசு சரியில்லை என்றால் பேச்சு நின்றுவிடும், அதற்கப்புறம் பின்னால்தான் பேசுவார்கள்.

நான் இங்கே உட்கார்ந்து படித்தேன். வயிறும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன என்று தெரிந்துகொண்டேன். பயந்தால் வயிறு கலங்குவது நமக்குத் தெரியாததா என்ன, பரீட்சை அன்று காலையில் எல்லோரும் பட்டதுதானே. சரி, குடலைச் சரி பண்ணினால் மனசும் சரியாகும் என்று நானே முடிவு கட்டினேன். மருந்து பார்சலை இந்தியச் சுங்கத்தார் டாக்டர் சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்ப, இந்த ஊர் தபால்காரர்கள் பார்சல் அனுப்பிய என்னிடமே அதற்குக் காரணம் கேட்டு எழுத, நானும் அகராதி வைத்துக்கொண்டு பதில் எழுத, ஒரு மாதம் பேஜாரானது. கடைசியில், என்னோடு வேலை செய்யும் நஸீர் பாய் லீவில் பேரணாம்பட்டுக்குப் போனபோது தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

வைக்கும் முன்பு பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கலா, இந்த கேப்ஸ்யூல் கூடு எதுல செஞ்சது? ஜெலட்டினா?" என்றார். தோலில் வேலை செய்கிற எங்களிடம் இதை மறைக்க முடியாது. தோல் பதனிடும் ஷாப்பில் வெட்டி ஒதுக்குகிற துண்டுகளைக் காய்ச்சித்தான் ஜெலட்டின் எடுப்பார்கள். பன்றித் தோலில் எடுத்ததாக இருந்தால் அவர் தொடமாட்டார். படித்துப் பார்த்தோம், அது செடியில் செய்த கூடு. "தப்பிச்சோம்" என்று பெட்டியில் போட்டார்.

இரண்டு மாதத்தில் சுதா தேறினாள். போனில் குரலே வேறு மாதிரி இருந்தது. இட்லி சாப்பிட்டேன் என்றாள், தூங்கினேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கே தமிழ்ச் சங்கப் பொங்கல் கூட்டத்தில் பழக்கமான பெண்களுக்கெல்லாம் போன் போட்டு, புரோபயாட்டிக் மகிமையைப் பிரசங்கம் செய்தேன். நல்ல வேளை, என் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் யாரும் பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

3

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பேசினால் பாதி வழியில் ஜெர்மனுக்குத் தாவிவிடுவாள். அவள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒவ்வொரு வியாழனும் மனநல ஆலோசகரிடம் போகிறாள். நீச்சல் வகுப்புக்குப் போகிறாள் என்பது போல அதை என்னிடம் சொன்னாள். "அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை வந்தால் எனக்குத் தெரிந்துவிடும், எங்கள் நடுவில் ஒரு நாடு இருக்கிறது.

அந்த யாழினிதான் ஒரு சனிக்கிழமை அடுப்படியில் வந்து நின்றாள். "அம்மா, ஒண்ணு சொல்றேன். நீ கத்தாத."

"கத்தல. சொல்லு."

"சித்தி சாப்பிடற மாத்திரை உன்னோடது இல்ல. அந்த பாட்டில்ல வேற இருக்கு. சித்திக்கு ஒரு சைக்கியாட்ரிஸ்ட் குடுத்தது."

கத்தினேன். வேறென்ன செய்வேன்.

சுதா என்னிடம் சொல்லவில்லை, தன் அக்கா மகளிடம் இங்கிலீஷில் மெசேஜ் எழுதிச் சொல்லியிருக்கிறாள். நஸீர் பாய் பெட்டி போய்ச் சேர்வதற்கு முன்பே, வேலூரில் ஒரு பெரிய டாக்டர் அவளை மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அங்கே மாத்திரை எழுதி, நடுவில் சட்டென்று நிறுத்தக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலோ வரன் பார்க்கிற நேரம். மாத்திரை அட்டையை எவராவது எடுத்துப் பெயரைப் படித்துவிட்டால்? அம்மா யோசித்தாள். என் ஜெர்மன் பாட்டிலைக் காலி செய்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து அதில் நிரப்பினாள். ஃபிரிட்ஜ் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். ஒளித்தால்தான் தேடுவார்கள் என்பது அவள் கணக்கு.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என் கிட்ட கூடவா சொல்லக்கூடாது?"

"நீ போன்ல கத்துவ. பக்கத்துல மாப்ள இருப்பாரு. அவரு குடியாத்தத்துல அவங்கம்மாகிட்ட சொல்வாரு. அப்புறம் ஊரு பூரா தெரியும்."

"என் மாத்திரை எல்லாம் என்ன ஆச்சு?"

"சில்வர் டப்பால போட்டு வெச்சிருக்கேன். தெருவுல கேஸுன்னு வர்றவங்களுக்குக் குடுக்கறேன். நல்லா கேக்குதாம்."

வெயில் கொளுத்தும் ஆம்பூரில், அடுப்புக்குப் பக்கத்தில், சில்வர் டப்பாவில் என் நல்ல நுண்ணுயிர்கள் என்ன கதியில் இருக்கும் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. என் தங்கையின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் தாங்கிக்கொண்டிருப்பது பெயர் மாறி நிற்கிற ஒரு பாட்டில். அவள் அதைத் தினமும் சாப்பிட வேண்டும். யாருக்கும் தெரியாமல் சாப்பிட வேண்டும். கல்யாணம் ஆகிப் போகிற வீட்டில் அதை எந்த ஃபிரிட்ஜ் மேல் வைப்பாள்? இதைக் கேட்டதற்கு அம்மா, "அப்பப் பாத்துக்கலாம்" என்று போனை வைத்துவிட்டாள்.

4

மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை திமிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டாவது முறையாக வந்தார்கள். பையன் ராணிப்பேட்டையில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். ஜாதகம் பொருந்திவிட்டது, பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. முதல் தடவை காப்பியோடு எழுந்து போனவர்கள், இந்தத் தடவை கை நனைப்பதாகத் தரகர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நம்மில் பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அம்மா மட்டன் பிரியாணியும் கத்திரிக்காய் தொக்கும் செய்திருந்தாள்.

எனக்கு இங்கே காலை நேரம். வீடியோ காலில் என்னைச் சேர்த்துக்கொண்டு, ஷோகேஸ் ஓரத்தில் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கூடமும், ஃபிரிட்ஜும், அதன் மேல் பாட்டிலும் தெரிந்தன. என் கண் பாட்டிலை விட்டு நகரவில்லை.

சாப்பாடு நல்லபடியாக முடிந்தது. வெற்றிலைத் தட்டு வந்தது. பையனின் அம்மா, வாட்டசாட்டமான, கலகலப்பான பெண்மணி, நெஞ்சைத் தடவிக்கொண்டு ஏப்பம் விட்டார்.

"பிரியாணி சூப்பரு. எனக்குதான் நெஞ்சுல கரிக்குது. பிரசரு, சுகருன்னு நாளைக்கு ஒரு பிடி மாத்திர முழுங்கறேன் இல்ல, வயிறு போச்சு."

"சோடா வாங்கியாரச் சொல்றேன்க்கா" என்று அம்மா எழுந்தாள்.

"சோடா இன்னாத்துக்கு? ஜெர்மன்லேர்ந்து பெரிய பொண்ணு வயித்துக்கு மாத்திர அனுப்பிச்சிருக்காமே. தரகரு சொன்னாரு, தெருவுக்கே குடுக்கறீங்களாம். தோ, அதானே?"

அம்மா தெருவுக்கெல்லாம் கொடுத்துப் பெருமை பேசியதன் பலன் வந்து நின்றது. பையனின் அம்மா எழுந்து இரண்டு எட்டில் ஃபிரிட்ஜ் பக்கம் போய்ப் பாட்டிலை எடுத்தார். சொந்தமாகப் போகிற வீடு, யாரைக் கேட்க வேண்டும்? நம் ஊரில் வெளிநாட்டு மாத்திரை, வெளிநாட்டு சாக்லேட் மாதிரிதான். வந்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு.

அம்மா போனைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது: ஏதாவது பண்ணுடி.

"அத்தை, அது டேட் முடிஞ்சிருக்கும்" என்று சத்தமாகச் சொன்னேன்.

"நீ அனுப்பி ரெண்டு மூணு மாசந்தானேம்மா ஆவுது? இதுல ஒண்ணும் புரியல, எல்லாம் உங்க பாஷைல இருக்குது" என்று சிரித்தார். மூடியைத் திருகினார். உள்ளங்கையில் இரண்டு மாத்திரை விழுந்தது.

பிரஷரும் சர்க்கரையும் உள்ள உடம்பு. அந்த மாத்திரை அந்த அம்மாளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் தங்கையின் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் ஒரு மனுஷி மயங்கி விழலாம். அம்மா தண்ணீர் சொம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள், கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பையனின் அம்மாவே அதை வாங்கிக்கொண்டார்.

"அத்தை, முழுங்காதீங்க."

சுதா. அறை வாசலிலிருந்து நேராக வந்து, அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இது வயித்து மாத்திர இல்ல. என்னுது. மனசுக்கு டாக்டர் குடுத்தது. எனக்குப் பயம் வரும், தூக்கம் வராது, அதனால வயிறும் கெட்டுப்போச்சு. இத சாப்பிட்டதுக்கப்புறம்தான் தேவல. உங்களுக்கு ஒத்துக்காது."

பையன் தரையைப் பார்த்தான். அவன் அம்மா இரண்டு மாத்திரையையும் ஒவ்வொன்றாகப் பாட்டிலில் திருப்பிப் போட்டு, மூடியை இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். தண்ணீரை மட்டும் குடித்தார். "நேரமாவுது, ஆற்காடு பஸ்ஸ புடிக்கணும்" என்றார். போகும்போது சுதாவின் கன்னத்தைத் தொட்டார். அது இரக்கமா, விடைபெறுதலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எனக்குத் தங்கையை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதே நிமிடம் இந்த இடம் போயிற்றே என்ற வருத்தமும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

5

மூன்றாம் நாள் தரகர் போன் பண்ணினார். ஜாதகத்தை வேறொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், ஏதோ இடிக்கிறதாம். அந்த வீட்டார் அவரிடம்கூட உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. அந்த மட்டில் நல்ல மனுஷர்கள்தான்.

அம்மா என்னிடம் பாய்ந்தாள். "எல்லாம் உன் பாட்டிலால வந்தது. அத நீ அனுப்பாம இருந்தா…"

"நீ அதுல வேற மாத்திரையைப் போட்டியே, அது?"

"நான் என் பொண்ண காப்பாத்தப் பாத்தேன்!"

"அவ காப்பாத்தினா அந்தம்மாவை. நீ சொம்பைப் புடிச்சினு நின்ன."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கோபம் வந்தால் எனக்கு நாக்கில் பூட்டு கிடையாது. அம்மா போனை வைத்துவிட்டாள். நானும் திரும்பக் கூப்பிடவில்லை.

அப்புறம்தான் நிஜமான பயம் வந்தது. யாழினி சொன்னாள்: "சித்தி மெசேஜ் பாக்கறா, பதில் போடல." சுதாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டு ஒரு தடவை எடுத்தாள். பேச்சு குழறியது. தலை சுற்றுகிறது என்றாள்.

"மாத்திரை போட்டியா?"

"எதுக்கு? அதனாலதான எல்லாம் போச்சு."

நிறுத்திவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே நிறுத்திவிட்டாள். மறுபடி வாந்தி, மறுபடி தூக்கமில்லை, கம்பெனிக்கும் போகவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன். டாக்டரிடம் போ, யாரையாவது கூட்டிக்கொண்டு போ என்றேன். "யார? அம்மாவயா?" என்றாள். அவளுடைய மனநல டாக்டரிடம் அம்மா ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்தப் பிரிவு வாசலில் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று, ஒவ்வொரு தடவையும் சுதாவைத் தனியாகத்தான் அனுப்பினாள்.

என் கையிலிருந்தது ஒரு போன் மட்டும்தான். மக்னீசியம் வாங்க ஒரு டிராம் பிடித்தால் போதும். ஆம்பூரில் ஒரு மாத்திரையை என் தங்கை வாயில் போட வைக்க, விமானம் ஏறினாலும் ஒரு நாள் ஆகும். டிக்கெட் பார்த்தேன். மேனேஜரிடம் லீவு கேட்டபோது "குடும்பத்தில் நோய்" என்றேன். "என்ன நோய்?" என்று அக்கறையாகக் கேட்டார். "வயிறு" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. இத்தனை வருஷ ஜெர்மனியும் யாழினியின் பார்வையும் என்னிடம் ஒன்றும் செய்யவில்லை, நான் அம்மாவின் மகள்தான். அன்று முழுக்க எனக்கு என் மேல் ஆத்திரமாக இருந்தது.

6

லீவு முடிவாவதற்கு முன்பு, நான் வேலைக்குப் போகும் வழியில், அம்மா கூப்பிட்டாள். சண்டைக்குப் பிறகு முதல் தடவை. பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல்.

"வேலூருக்கு வந்தோம். டாக்டர் ரூமுக்கு வெளிய உக்காந்துனு இருக்கோம்."

"யாரு யாரு?"

"நானும் இவளும்தான். வேற யாரு?" குரலில் இன்னும் சூடு இருந்தது. "ராத்திரி பூரா உக்காந்துனே இருந்தா. செத்துடுவேன் போலக்குதும்மான்னு சொன்னா. காலைல மொத பஸ்ஸுல இட்டுனு வந்துட்டேன். சரி, அப்பறம் பேசறேன்."

போனை வைத்துவிட்டதாக நினைத்துப் பைக்குள் போட்டாள். இணைப்பு போகவில்லை. அவளுக்கு எப்போதும் அப்படித்தான், சிவப்புப் பொத்தானைத் தொட்டதாக எண்ணிக்கொள்வாள். துணி உரசும் சத்தம், டோக்கன் எண் கூப்பிடும் சத்தம், எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தம் வந்தது. வைக்க மனசில்லாமல் காதிலேயே வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பழகிய ஒரு குரல். தரகரின் மனைவி சரோஜா. அவர் காதில் விழுந்தால் வாணியம்பாடியிலிருந்து ஆற்காடு வரை விழுந்த மாதிரி.

"அடடே, இன்னாக்கா இங்க? நான் பக்கத்து வார்டுல எங்க மாமியார பாக்க வந்தேன். சுதாவுக்கு இன்னும் அந்த வயித்து வலி போவலயா?"

பொய் தயாராக நீட்டப்பட்டிருந்தது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும்.

"ஆமா…" என்றது அம்மாவின் குரல். பிறகு நின்றது. பெஞ்சு கிறீச்சிட்டது.

"வயிறு இல்ல, சரோஜா. மனசு. பயம் புடிச்சி ஆட்டுது இவள. அதுக்கு மாத்திர சாப்பிட்டுனு நல்லா இருந்தா. நடுவுல விட்டுட்டா. அதான் கூட்டினு வந்தேன்."

"அய்யோ, மெதுவா பேசுக்கா. யாராவது கேட்டுடப் போறாங்க."

"கேட்டா கேக்கட்டும். இவ பட்டத நான் பாத்தேன், அவங்களா பாத்தாங்க?"

டோக்கன் எண் கூப்பிட்டார்கள். "எழுந்திரு சுதா, நம்மளதான்" என்றாள் அம்மா. செருப்புச் சத்தம் இரண்டு எட்டு நகர்ந்தது, நின்றது.

"சரோஜா, உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடு. அடுத்த எடம் பாக்கறப்போ, மொதல்ல இத சொல்லிட்டு, அப்புறம் ஜாதகத்த குடுக்கச் சொல்லு."